சிமென்ட் கல்லில் இரண்டு கோடுகள்

ஜூலை 6, ஞாயிறு

கரண்ட் ரம்பத்துக்குப் புது வட்ட ப்ளேடு மாட்டினேன். நாற்பது பல். பிளைவுட்டில் வைத்ததுதான் தெரியும், பலகை இரண்டாகிக் கிடந்தது. வெட்டிய ஓரத்தைத் தடவிப் பார்த்தேன், ஒரு சிலாம்பு இல்லை. எனக்கே கொஞ்சம் கர்வமாக இருந்தது. இருக்கட்டுமே, யாருக்கு நஷ்டம்?

டாக்டரம்மாவின் காத்திருப்பு அறைக்குப் புத்தக அலமாரி. அவருடைய பல் ஆஸ்பத்திரியில் உதவியாளராக இருந்து ஊரார் வாயை எல்லாம் பார்த்தாயிற்று. டிசம்பரோடு வேலையை விடுகிறேன். ஹார்ட்வேர் கடைக்காரர் கடைக்குப் பின்னால் இருக்கும் காலி அறையை ஜனவரியிலிருந்து எனக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். மெஷினை அங்கே கொண்டுபோய் வைத்து அலமாரி, மேஜை என்று செய்து கொடுக்கலாம். ஆகஸ்ட் முதல் வாரத்துக்குள் கடைக்காரருக்கும் டாக்டரம்மாவுக்கும் முடிவைச் சொல்ல வேண்டும். முடிவென்ன முடிவு, அதெல்லாம் எப்போதோ எடுத்தாயிற்று.

என் வீட்டுக்காரர் வழக்கம்போல் பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். மூக்குக் கண்ணாடிக்கு மேல் பாதுகாப்புக் கண்ணாடி, காதில் பஞ்சு, முகத்தில் பரீட்சை ஹால் களை. பலகையைப் பிடிப்பார், மெஷினை மட்டும் தொடமாட்டார். பயம். ப்ளேடு மாற்றும்போது பிளக்கைப் பிடுங்கி என் ஏப்ரன் பையில் போட்டுக்கொள்வதைப் பார்த்து இன்றும் கேலி. "வீட்டுச் சாவிக்குக் கூட இவ்வளவு மரியாதை கிடையாது." சுவிட்சை அணைத்தால் போதாதா என்று கேட்கிறார். போதாது. சுவிட்சை யார் வேண்டுமானாலும் தட்டலாம். என் பையில் இருப்பதை யார் தட்டுவது?

ஜூலை 9, புதன்

மகள் போன். "மறுபடி தலை சுத்துச்சாம்மா?" மே மாதம் ரத்த அழுத்த மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்கள். அந்த வாரம் ஆஸ்பத்திரியில் தலை சுற்றி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவுதான் நடந்தது. பழைய மாத்திரைக்கே திரும்பியாயிற்று, சுற்றலும் போயிற்று. அவளைப் பொறுத்தவரை நான் இன்னும் அந்த நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை.

"அந்த மெஷினை விட்டுடேம்மா."

"விட மாட்டேன்."

"சரி, அப்பாகிட்ட குடு."

அப்பாவும் மகளும் வெகுநேரம் பேசினார்கள்.

ஜூலை 13, ஞாயிறு

என்ன ஆயிற்று இந்த ப்ளேடுக்கு? போன வாரம் மாட்டியது. இன்று பலகையில் நகரவே மாட்டேன் என்கிறது. புகை வருகிறது. வெட்டிய ஓரம் முழுக்கத் தீய்ந்து பழுப்பு. பிசின் ஒட்டியிருக்கும் என்று கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பல் துலக்கும் பிரஷ்ஷால் ஒவ்வொரு பல்லாகத் தேய்த்தேன். மாட்டினேன். அதே கதை. அழுத்தித் தள்ள வேண்டியிருந்தது. அழுத்தித் தள்ளுவது தப்பு என்று தெரிந்தே தள்ளினேன்.

அவர் பலகையைப் பிடித்தபடி, "முடியலைன்னா விடேன், இன்னொரு நாள் பார்த்துக்கலாம்" என்றார். பாவம், புகை ஒத்துக்கொள்ளாமல் இருமிக்கொண்டே நின்றார்.

ஜூலை 14, திங்கள்

ஆஸ்பத்திரி முடிந்ததும் நேராக ஹார்ட்வேர் கடை. ப்ளேடைக் கல்லாப் பெட்டி மேல் வைத்து, "போலிச் சரக்கு விக்கிறதுக்கா கடை வச்சிருக்கீங்க?" என்று கேட்டேன். கடையில் ஆட்கள் இருந்தார்கள். இருந்தால் என்ன? அவர் முகம் சுருங்கிப்போயிற்று. "ஒரு வாரத்துல இப்படி ஆகாதேம்மா. ஆணி கீணி அடிபட்டுச்சா?" என்றார். "ஆணி இருக்கா இல்லையான்னு பார்க்காம வெட்டற ஆளா நான்?" என்றேன். மறுபேச்சில்லாமல் வேறு ப்ளேடு எடுத்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று வந்துவிட்டேன்.

வீட்டில் சொன்னேன். "அவர் நல்ல மனுஷனாச்சே" என்றார் இவர். நல்ல மனுஷன் நல்ல ப்ளேடு விற்க வேண்டும்.

ஜூலை 20, ஞாயிறு

புது ப்ளேடு அருமை. பக்கப் பலகை இரண்டும் முடிந்தன. ஆளைச் சத்தம் போட்டால்தான் நல்ல சரக்கு வெளியே வருகிறது.

ஜூலை 27, ஞாயிறு

இடது கையால்தான் எழுதுகிறேன், கோணல் மாணலாக வரும்.

நீளப் பலகை. கோடு போட்டு, பலகை நகராதபடி கிளாம்ப் மாட்டி, ப்ளேடு பலகைக்குக் கீழே கொஞ்சம் மட்டும் எட்டிப் பார்க்கும்படி ஆழம் வைத்து, எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தேன். பாதி தூரம் போனதும் மறுபடியும் அந்த மந்தம். புகை. தள்ளினேன். வெட்டின வாய் சுருங்கி ப்ளேடைக் கவ்விப் பிடித்தது. மெஷின் அப்படியே பின்பக்கமாக எகிறியது. நான் எப்போதும் ப்ளேடுக்கு நேராக நிற்பதில்லை, ஒரு பக்கமாகத் தள்ளித்தான் நிற்பேன். அதனால் இன்று தொடை தப்பியது. மெஷினின் பாதுகாப்பு மூடி சட்டென்று இறங்கி ப்ளேடை மறைத்துக்கொண்டது. மெஷினின் உடம்பு வலது முழங்கையில் இடித்துவிட்டுத் தரையில் விழுந்தது.

அவர் பிளக்கைப் பிடுங்கினார். பிடுங்கிவிட்டு அதைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாதவர் போல் நின்றார். முகம் வெளிறிப்போயிருந்தது.

ப்ளேடு புதுசு. மெஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், மெஷினிலும் குற்றம் இல்லை. மிச்சம் இருப்பது நான்தான்.

சாப்பிடும்போது சொன்னேன். "என் கைக்கு வலு போயிடுச்சுங்க. எனக்குத் தெரியாமயே போயிடுச்சு."

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, "வயசாகுதில்ல" என்றார்.

ஜூலை 29, செவ்வாய்

எலும்பு டாக்டரிடம் போனேன். முறிவு ஒன்றும் இல்லை, ரத்தக் கட்டுதான். நானாகக் கேட்டேன், கையில் வலு குறைந்திருக்கிறதா என்று. இரண்டு கையாலும் அவர் விரலை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். "உங்க வயசுக்கு நல்ல பிடிம்மா" என்றார். மற்றதெல்லாம் அங்கேயே விழுந்துவிட்டது, 'உங்க வயசுக்கு' மட்டும் என்னோடு வீடு வரை வந்தது.

ஆகஸ்ட் 1, வெள்ளி

டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டேன், வேலையை விடவில்லை, இன்னும் இரண்டு வருடம் இருக்கிறேன் என்று. அவருக்கு சந்தோஷம். ஹார்ட்வேர்காரருக்கு போனில் சொன்னேன். நேரில் போக முகம் இல்லை. "அறை வேண்டாங்க. கை முன்ன மாதிரி இல்ல." "உடம்பைப் பார்த்துக்குங்கம்மா" என்றார். அன்றைக்கு அவ்வளவு பேச்சு வாங்கிய மனிதர்.

வீட்டில் இவர் இன்று சமையலறையில் மும்முரம். நான் கேட்காமலே காபி. நான் கேட்காமலே தலைவலித் தைலம். என்ன கரிசனம், என்ன கரிசனம்.

ஆகஸ்ட் 5

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. அரைகுறை அலமாரி வீட்டுப் பின் அறையில் சுவரில் சாய்ந்து நிற்கிறது. அந்தப் பக்கம் போவதில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

எங்கே தொடங்குவது?

மெஷினை ஆஸ்பத்திரி எலக்ட்ரீஷியனுக்குக் கொடுத்துவிடலாம் என்று காலையில் எடுத்தேன். கொடுக்கிற பொருளைச் சுத்தமாகக் கொடுப்போமே என்று பிளக்கைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு, ப்ளேடைக் கழற்றி, மூடிக்குள் பிரஷ்ஷை விட்டுக் குடைந்தேன். மேலாக மரத்தூள். அதற்கு அடியில் சாம்பல் நிறத்தில் ஏதோ தூள். விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன். பல் அச்சு எடுக்கிற மாவு, பல் அடைக்கிற கலவை என்று நாள் முழுக்கத் தேய்த்துக் குழைக்கிற விரல் இது. அது மரம் இல்லை. நறநறவென்றது. சிமென்ட்.

நான் எந்தக் காலத்தில் சிமென்டை வெட்டினேன்?

லென்ஸை எடுத்து ப்ளேடைப் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டியது போன மாதமே. புது ப்ளேடு என்ற ஒரே நம்பிக்கையில் பார்க்கவில்லை. ஒரு பல் பாக்கி இல்லாமல் நுனி மழுங்கியிருக்கிறது. சிலது உடைந்தே போயிருக்கிறது. ஆணியில் பட்டால் ஒன்றிரண்டு பல் போகும். நாற்பதும் ஒரே மாதிரி மழுங்காது. கல்லைக் கடித்த பல் எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வீட்டுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி ஓரம் மிச்சமான சிமென்ட் கற்களை அடுக்கி வைத்திருக்கிறோம். போய்ப் பார்த்தேன். மேலே இருந்த கல் மட்டும் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தது. புரட்டினேன். இரண்டு கோடுகள். மெல்லிசாக, நேராக, ப்ளேடின் கனத்துக்கு. ஒரு ப்ளேடுக்கு ஒரு கோடு.

அப்புறம் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். தலை சுற்றவில்லை. சுற்றியிருந்தால் தேவலை.

அவர் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கல்லைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தேன். இரண்டு கையாலும் தூக்கி வந்தேன், வலு போன கையால். பேப்பரை மடித்தார். கண்ணாடியைக் கழற்றினார். முதலில் வந்த வார்த்தை என்ன தெரியுமா?

"நான் மட்டும் இல்ல."

மகளும் சேர்த்தி. ப்ளேடு வெட்டவில்லை என்றால் அம்மா தானாகவே விட்டுவிடுவாள், சண்டையும் வராது என்று போனில் அவள் சொல்ல, இவர் செய்திருக்கிறார். நான் ஆஸ்பத்திரியில் இருக்கும்போது.

"அன்னைக்கு நீ மயங்கிட்டேன்னு ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் வந்தப்ப எனக்குக் கை கால் ஓடல. அந்த மெஷின் ஓடறப்ப உனக்கு அப்படி ஆச்சுன்னா? சொன்னா நீ கேக்க மாட்ட."

"மழுங்கின ப்ளேடுதாங்க ஆபத்து. கூரா இருந்தா அது பாட்டுக்குப் போகும். மழுங்கினா நான் அழுத்தணும், அழுத்தினா அது எகிறும். எகிறுச்சே, பார்த்தீங்களே."

"பார்த்தேன்."

"பார்த்துட்டும் சொல்லலையே."

"சொல்லணும்னுதான் நினைச்சேன். நீயே விட்டுட்டேன்னு சொன்னதும்... சரி, முடிஞ்சுதுன்னு இருந்துட்டேன்."

அவருக்கு மெஷினை ஓட்டத் தெரியாதே, எப்படிச் செய்தார் என்று கேட்டேன். பாதுகாப்புக் கண்ணாடி எல்லாம் போட்டுக்கொண்டாராம். சத்தம் கேட்டதும் பயத்தில் கண்ணை மூடிக்கொண்டாராம். கண்ணை மூடிக்கொண்டு! அதுவும் இரண்டு தடவை! என்னைக் காப்பாற்றக் கண்ணை மூடிக்கொண்டு ரம்பம் ஓட்டிய மனிதரை என்ன சொல்லித் திட்டுவது? ஒரு நொடி சிரிப்புக்கூட வந்தது. உடனே அழுகையாகிவிட்டது.

ப்ளேடு போனால் போகட்டும். கை போயிருந்தாலும் — அதைக் கூட ஒரு ஓரமாக வைத்துவிடலாம். ஆனால் "என் கைக்கு வலு போயிடுச்சு" என்று நான் அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேனே. அந்த நிமிஷம் அவருக்கு உண்மை தெரியும். தெரிந்துகொண்டே சோற்றைப் பிசைந்துகொண்டு 'வயசாகுதில்ல' என்றாரே. அந்த ஒரு வார்த்தையை நம்பித்தானே அறையை விட்டேன், வேலையைப் பிடித்துக்கொண்டேன், கண்ணாடி முன்னால் நின்று என் கையையே யாரோ ஒருத்தி கை மாதிரிப் பார்த்தேன். இத்தனை வருஷம் கூட இருந்த மனுஷன். எப்படி மனசு வந்துச்சு உங்களுக்கு? எப்படி வந்துச்சு?

ஆகஸ்ட் 11, திங்கள்

மகள் போன் செய்தாள். அப்பா சொல்லியிருப்பார்.

"உன் நல்லதுக்குத்தாம்மா."

"என் நல்லதை என்கிட்ட கேட்டிருக்கலாமே."

"கேட்டா விட்டிருப்பியா?"

"விட்டிருக்க மாட்டேன்."

"அதான்."

இவளைப் பெற்றது நான்தான், சந்தேகமே இல்லை. போனை வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 13, புதன்

ஹார்ட்வேர் கடைக்குப் போனேன். கடை நிறைய ஆட்கள் இருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் போனேன். அத்தனை பேர் முன்னால் திட்டியதற்கு அத்தனை பேர் முன்னால்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும். "உங்க ப்ளேடு மேல தப்பில்லைங்க. எங்க வீட்லதான் தப்பு." அதற்கு மேல் விளக்கம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. "அந்த ப்ளேடுக்காக நான் கம்பெனிக்காரனைக் காய்ச்சி எடுத்துட்டேனேம்மா" என்றார் தலையைச் சொறிந்துகொண்டே.

அறையைப் பற்றிக் கேட்டேன். மிக்ஸி ரிப்பேர் செய்கிறவர் எடுத்துவிட்டாராம், சாமான் எல்லாம் இறக்கியாயிற்றாம். "நீங்கதானே வேண்டாம்னீங்க" என்றார். கோபமே இல்லாமல்தான் சொன்னார். ஆமாம், நான்தானே சொன்னேன். பின்பக்கம் போய் எட்டிப் பார்த்தேன். நான் மேஜை போட நினைத்த ஜன்னலோரம் மிக்ஸி ஜாடிகள் வரிசையாக இருந்தன. நல்ல வெளிச்சம்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

வீட்டில் இவர் சமாதானத்துக்கு ப்ளேடு வாங்கி வந்திருக்கிறார். அளவு தப்பு. நடு ஓட்டையும் பெரிது. இவ்வளவு நாள் பக்கத்திலேயே நின்றிருக்கிறார், ப்ளேடு என்ன அளவு என்று பார்த்ததில்லை. மேஜை மேல் வைத்துவிட்டு, "மாத்திக்கலாம்னு கடைக்காரர் சொன்னார்" என்றார். நானே போய் வேறு வாங்கிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

குழம்பில் உப்பு குறைவு என்றார். முன்பென்றால் அப்படியே அள்ளிப் போட்டிருப்பேன். இன்று கரண்டியில் எடுத்து நானே ருசி பார்த்துவிட்டுத்தான் போட்டேன். குறைவாகத்தான் இருந்தது. அவர் அதைக் கவனித்துவிட்டார். கவனிக்கட்டும்.

வாசல் கதவைப் பூட்டிவிட்டேன் என்கிறார், எழுந்துபோய்ப் பார்க்கிறேன். கேஸை மூடிவிட்டேன் என்கிறார், போய்ப் பார்க்கிறேன். எனக்கே அலுப்பாக இருக்கிறது. ஒரு ஆளை நம்புவது எவ்வளவு வேலையை மிச்சப்படுத்திக் கொடுத்தது என்று இப்போதுதான் தெரிகிறது.

ஆகஸ்ட் 22, வெள்ளி

டாக்டரம்மாவிடம் மறுபடி போய் நின்றேன். டிசம்பரோடு போகிறேன் என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"கை சரியாயிடுச்சா?"

"கை நல்லாத்தான் இருந்துச்சு டாக்டர்."

ஆகஸ்ட் 24, ஞாயிறு

எங்கள் வீட்டுப் பின் அறையிலேயே தொழிலை வைத்துக்கொள்வது என்று முடிவு. இடம் போதாது, போதும்படி செய்துகொள்ள வேண்டும். முதல் காரியமாகப் பலகையைத் தாங்க ஒரு நிறுத்தி. மரச் சட்டத்தில் கால், மேலே உருளும் குழாய், உயரத்தை ஏற்றி இறக்க ஒரு திருகு. பலகையின் மறுமுனை அதன்மேல் உட்கார்ந்து தானாக உருண்டு போகும். அதை அடிப்பதற்குள் இரண்டு தடவை கோணிக்கொண்டது.

அவர் பாதுகாப்புக் கண்ணாடியோடு வந்து நின்றார். காதில் பஞ்சும் வைத்திருந்தார்.

"பிடிக்கட்டுமா?"

"வேண்டாம், நிக்குது."

நின்றதுதான் உண்மை. அவர் கொஞ்ச நேரம் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனார். மனசு கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் கூப்பிடவில்லை.

செப்டம்பர் 2, செவ்வாய்

இன்று காலை கேட்டுவிட்டார். "இன்னும் எத்தனை நாளைக்கு இப்படி?"

தெரியாது என்றேன். கோபம் எப்போதோ போய்விட்டது. கோபம் இருந்தாலாவது நாலு வார்த்தை கத்தி முடித்திருப்பேன். இது வேறு. அவர் பயந்தது நிஜம், என் மேல் உயிரையே வைத்திருப்பதும் நிஜம், அதையெல்லாம் நான் இல்லை என்று சொல்லவில்லை. பயமா இருக்கு என்று என்னிடமே சொல்லியிருந்தால், தனியாக இருக்கும்போது மெஷினைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்திருப்பேன். ரத்த அழுத்தம் பார்த்துவிட்டுத்தான் பிளக்கைச் செருகுவேன் என்றிருப்பேன். என்னோடு சண்டை போட்டு ஜெயிக்க முடியாது என்று என் கையைப் போய் எனக்கே எதிரியாக்கினார்.

இதை அவரிடம் வாய்விட்டுச் சொன்னேன். முழுக்கக் கேட்டார். "தப்புதான்" என்றார். ஏன், எதற்கு என்று ஒன்றும் சேர்க்கவில்லை. அது மட்டும் கொஞ்சம் ஆறுதல்.

செப்டம்பர் 14, ஞாயிறு

அலமாரி முடிந்தது. வார்னிஷ் காய்கிறது.

செப்டம்பர் 21, ஞாயிறு

டாக்டரம்மா வண்டி எடுத்துக்கொண்டு வந்தார். அலமாரியைச் சுற்றிச் சுற்றி வந்து மூலைகளைத் தடவிப் பார்த்தார். பல்லைத் தட்டிப் பார்ப்பதுபோல் ஒரு தட்டும் தட்டினார். பிறகு அறையைப் பார்த்தார். மெஷின் ப்ளேடு இல்லாமல் மேஜையில் இருந்தது. ப்ளேடுகள் இரும்புப் பெட்டிக்குள் இருக்கும். வேலை முடிந்ததும் கழற்றி அதில் வைத்துப் பூட்டிவிடுகிறேன். சாவி என்னிடம்.

"ரொம்ப ஜாக்கிரதையா இருக்கீங்களே" என்றார். "வீட்ல சின்னப் பிள்ளைங்க யாரும் இல்லையே, பூட்டு எதுக்கு?"

இவர் அப்போதுதான் காபித் தட்டோடு உள்ளே வந்தார். நான் வாய் திறப்பதற்குள், "எனக்காகத்தான் டாக்டர்" என்றார்.

டாக்டரம்மா விழுந்து விழுந்து சிரித்தார். வாத்தியாருக்கு இவ்வளவு கிண்டல் வருமா என்று கேட்டார். நாங்கள் இரண்டு பேரும் சிரிக்கவில்லை. காபி நன்றாக இருந்தது.

அலமாரியைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். நான் ஒரு முனையைப் பிடித்தேன், இவர் வந்து மறுமுனையைப் பிடித்தார். படி இறங்கும்போது "பார்த்து" என்றார். பார்த்துத்தான் இறங்கினேன். வண்டி தெரு திரும்பும்வரை இரண்டு பேரும் வாசலில் நின்றிருந்தோம். பிறகு அவர் காபி டம்ளர்களைக் கழுவப் போனார். நான் பின் அறைக்குப் போய் பெட்டியின் பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தேன்.